கேள்வி பதில்: கிராம சபையில் நீங்கள் பேசியது பதிவேட்டில் ஏறியதா?

கிராம சபை பற்றியும், தமிழ்நாட்டின் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் கூட்டங்கள் பற்றியும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். உள்ளூரில் சங்கடம் நேரும் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

ஊராட்சி மன்றக் கூட்டம், கிராம சபைக் கூட்டம் இரண்டும் ஒன்றுதானே? இரண்டுக்கும் தலைவர்தானே தலைமை வகிக்கிறார்? (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

தலைமை வகிப்பவர் ஒருவராக இருப்பதால் பலருக்கும் இந்த மயக்கம் ஏற்படுகிறது. ஊராட்சி மன்றக் கூட்டம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடி, பணம் எதற்குச் செலவாக வேண்டும், எந்தப் பணிக்கு ஒப்புதல் தரலாம் என்று முடிவெடுக்கும் கூட்டம். கிராம சபை அப்படியல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆவது பிரிவு தரும் வரையறையின்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. உங்களை எவரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நியமிக்க வேண்டியதும் இல்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறிய அன்றே உறுப்பினராகிவிடுகிறீர்கள். எனவே மன்றக் கூட்டத்தில் நீங்கள் பார்வையாளர். கிராம சபையிலோ தலைவருக்கு இருக்கும் அதே ஒரு குரல் உங்களுக்கும் உண்டு.

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடம் அளித்தது. அதன் அதிகாரங்களை வரையறுக்கும் பொறுப்பை அத்திருத்தம் மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கிராமத்தின் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவதைக் கிராம சபையின் பணியாக வைத்திருக்கிறது. 'தெருவிளக்கு எரியவில்லை' என்று முறையிடுவதற்கு மட்டுமே கூடும் இடமாக அதை நாம் சுருக்கிக்கொண்டது நம்முடைய பழக்கம். சட்டம் அப்படிச் சுருக்கவில்லை.

வேலைக்காக வேறு ஊரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கிறேன். கிராம சபையில் பேசலாமா? (வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்)

உங்கள் பெயர் சொந்த ஊரின் பட்டியலிலேயே இருந்தால் இங்கு நீங்கள் உறுப்பினர் அல்ல. கூட்டத்தைப் பார்க்கலாம், தீர்மானத்தில் பங்கேற்க இயலாது. முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்வதே வழி.

எங்கள் ஊரில் கூட்டம் முடிந்த பிறகுதான் கூட்டம் நடந்ததே தெரிகிறது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதி இல்லையா? சென்ற முறை கோயில் மண்டபத்தில் நடத்தினார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள் அங்கே போகத் தயங்கினார்கள். (வாசகர், மதுரை மாவட்டம்)

விதி இருக்கிறது. கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே நாள், நேரம், இடம், விவாதிக்கப்படும் பொருள் ஆகியவற்றை ஊர் அறியச் செய்ய வேண்டும். முன்பு தண்டோரா போடுவது வழக்கம். அது ஒரு சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலையாகவே நீடித்ததால், 2022-இல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். இப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டி, ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை, துண்டறிக்கை ஆகியவற்றின் மூலம் தெரிவிக்கிறார்கள். அறிவிப்பே வரவில்லையென்றாலும் நாட்களை நினைவில் வைத்துக்கொள்வது கடினமன்று. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் நெடுங்காலமாக உள்ளவை. மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் பின்னர் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு என்றாயிற்று. சட்டத்தின்படி இரு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. தலைவர் கூட்டாவிட்டால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அக்கடமை சென்று சேரும்.

நீங்கள் எழுதியுள்ள மண்டபப் பிரச்சினைதான் முக்கியமானது. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஆட்சியர்களின் சுற்றறிக்கையில் அச்சடித்தே வருகிறது. ஒரே இடத்தில் நடத்தாமல் ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளதுதான். எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய பள்ளி வளாகமோ ஊராட்சிக் கட்டட முற்றமோ இருக்கையில், ஒரு பகுதியினர் கால் வைக்கத் தயங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க இயலவில்லை. உங்கள் மாவட்டத்தின் பாப்பாபட்டியில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தால் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலையே நடத்த முடியாதிருந்ததை மறந்துவிட இயலாது. அதே ஊரில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். அடுத்த கூட்டத்துக்கு முன்பே, இடத்தை மாற்றக் கோரி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை அழைத்து உட்கார வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். என்ன தீர்மானம் போட்டார்கள் என்றே தெரியவில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே குறையைத்தான் சொல்கின்றன. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

கையெழுத்துக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையைக் கையெழுத்தும் கைநாட்டும்தான் மெய்ப்பிக்கின்றன. எண்ணிக்கை நிறைந்ததும் கூட்டம் நடந்ததற்குச் சான்று கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு என்ன பேசப்பட்டது என்பது எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. இங்கேதான் ஊர் ஏமாறுகிறது.

தீர்மானப் பதிவேட்டை ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள். பொருள் எண், பொருளின் விவரம், அதன் கீழே தீர்மானம் என்று பக்கம் பிரிந்திருக்கும். பல ஊர்களில் பொருள் மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டு, தீர்மானத்துக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கூட்டம் கலைந்தபின் அலுவலகத்தில் உட்கார்ந்து 'விவாதித்து ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வரிசையாக நிரப்புவார்கள். எனவே நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: வருகைக்குக் கையெழுத்திடுங்கள், அது உங்கள் உரிமை, ஆனால் தீர்மானங்கள் எழுதப்பட்டு, கூட்டத்தில் வாசிக்கப்படும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் போதும். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பதில் சண்டைக்கு இடமே இல்லை. கூட்டத்தைக் கண்காணிக்க அன்றைக்கு அங்கு நியமிக்கப்பட்டிருக்கும் அலுவலரான பற்றாளரின் பணியில் அதுவும் ஒன்று. தலைவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் பற்றாளரைப் பார்த்துக் கேளுங்கள். அவர் வேறு அலுவலகத்திலிருந்து வந்தவர். உள்ளூர்க் கோபதாபங்கள் அவரை அவ்வளவாகத் தொடுவதில்லை.

என்ன எழுதப்படுகிறது என்பதைப் போலவே எப்படி எழுதப்படுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 'குடிநீர் வசதி செய்து தரக் கோரித் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால், அதை எந்த அதிகாரியும் எந்தக் கோப்பிலும் சேர்த்து மறந்துவிடலாம். 'வடக்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மின்மோட்டார் பழுதடைந்துள்ளதால், அதை ஊராட்சியின் பொது நிதியிலிருந்து 15 நாட்களுக்குள் பழுது நீக்கவும், அதன் விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால் இடமும் பணமும் நாளும் பொறுப்பும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. இந்த வாக்கியத்தை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, கூட்டத்தில் படித்து, அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை ஊராட்சிச் செயலர் தம் சொற்களில் சுருக்கும்போது அவரையறியாமலே பாதி போய்விடும். சில நேரங்களில் அறிந்தே போகும்.

இன்னொன்று, வரவு செலவுக் கணக்கு. அது படிவம் 30-இல் எழுதப்பட்டுக் கூட்டத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் ஒரு தட்டியில் ஒட்டி ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தச் செலவினம் ஒவ்வொரு முறையும் வீங்குகிறது என்பது கணக்கு படித்தவரின் உதவி இல்லாமலே புரியும். கொசு மருந்து, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குச் சாமான், மோட்டார் பழுது ஆகிய நான்கு தலைப்புகளை முதலில் பாருங்கள் என்பது என் யோசனை. வாங்கியது தெருவுக்கு வந்ததா என்பதை ஊரே சரிபார்க்கக்கூடிய செலவுகள் இவை.

நூறு நாள் வேலை பற்றிக் கேட்டிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-ஆவது பிரிவில், பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. எந்தத் தொழிலாளர்களைக் கூட்டத்தின் எண்ணிக்கைக்காக மட்டும் அழைத்து வந்தார்களோ, அவர்களைத்தான் அச்சட்டம் தணிக்கையாளர்கள் என்று கருதியது.

எங்கள் ஊராட்சித் தலைவர் பெண். ஆனால் கூட்டத்தை நடத்துவது அவருடைய கணவர். இது சரியா? (வாசகர், சேலம் மாவட்டம்)

சரியன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது அவர்கள் பெயரில் வேறொருவர் பேசுவதற்காக அல்ல. கணவர் வாக்காளராக இருந்தால் மற்றவர்களோடு கீழே அமர்ந்து கருத்துச் சொல்லலாம். தலைமை இருக்கையிலோ கோப்பிலோ அவருக்கு இடமில்லை. கூட்டத்தில் உங்கள் கேள்வியைக் கணவரிடம் கேட்காமல் நேராகத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பழக்கம் மாறத் தொடங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காதிருந்தால் கிராம சபையும் நின்றுவிடுமா? (வாசகர், தருமபுரி மாவட்டம்)

நிற்காது. கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது; வாக்காளர்கள் இருக்கும்வரை அதுவும் இருக்கும். 2016-இல் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரையிலும், அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்த பிறகும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அத்தகைய காலங்களில் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாததால் மன்றக் கூட்டமும் இல்லை. ஊர் தன் குரலைப் பதிவு செய்யக் கிராம சபை ஒன்றுதான் மிஞ்சுகிறது. மற்றக் காலங்களைவிட அப்போது அதிகமாகப் போக வேண்டும் என்பேன்.

கிராம சபை ஒரு தீர்மானம் போட்டால் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார்; அது வெறும் காகிதம் என்று மற்றொருவர் சொல்கிறார். எது உண்மை? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

தீர்மானத்தின் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டம் பற்றி, 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அங்குள்ள கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் தீர்மானங்களுக்கு வலிமை தந்தது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடி மக்களின் வன உரிமையையும் வழிபாட்டு உரிமையையும் முடிவு செய்யும் இடமாக அச்சட்டம் கிராம சபையை வைத்திருந்ததால்தான் நீதிமன்றம் அங்கே போய்க் கேட்கச் சொன்னது.

நம் ஊர்க் கதை சற்று வேறு. மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது தெரிந்ததும், 2024 நவம்பரில் சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 சனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே கிராம சபைத் தீர்மானம் போராட்டத்தின் முதல் ஆவணமாக இருந்தது, ஆனால் தனியாக நின்று வெல்லவில்லை. மறுபுறம், காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துக் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னும் நிலம் எடுக்கும் பணி தொடர்ந்தது. அரசுத் திட்டத்தைத் தன் தீர்மானத்தால் மட்டும் தடுக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்குத் தரவில்லை என்பதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை.

அதற்காக அது வெறும் காகிதமும் அன்று. ஊராட்சியின் சொந்த நிதி, பணிகளின் வரிசை, பயனாளிகளின் பட்டியல் ஆகியவற்றில் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் கோப்பு நகர்வது கடினம். ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆய்வாளருக்கு, அதாவது ஆட்சியருக்கு, சட்டத்தின் 202-ஆவது பிரிவு தனி அதிகாரம் தருகிறது. வெறும் காகிதத்தை ரத்து செய்ய எவரும் ஒரு சட்டப் பிரிவு எழுதி வைக்க மாட்டார்கள். நீதிமன்றத்துக்குச் செல்லும் நிலை வந்தாலும், ஊர் எப்போது எதிர்த்தது, என்ன காரணம் சொன்னது என்பதற்குத் தேதியுடன் கிடைக்கும் சான்று அந்தப் பக்கம்தான். காரணங்களை எழுதாமல் 'எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிய தீர்மானங்கள் அங்கே போய் வாய் திறப்பதில்லை.

நாங்கள் நகராட்சியில் வசிக்கிறோம். நகர்மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் நேரில் பார்க்கலாமா? எழுந்து கேள்வி கேட்கலாமா? (வாசகி, திருப்பூர் மாவட்டம்)

பார்க்கலாம், பேச இயலாது. மன்றக் கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை என்பதும், குறிப்பிட்ட பொருளுக்காகத் தலைமை வகிப்பவர் காரணத்தைப் பதிவு செய்து பார்வையாளர்களை வெளியேறச் சொல்லலாம் என்பதும் நெடுநாளைய நடைமுறை. ஆனால் கூடத்தில் இருக்கை குறைவு. செய்தியாளர்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சுவது சில நாற்காலிகளே. கூட்டத்துக்கு முந்தைய நாளே அலுவலகத்தின் மன்றப் பிரிவில் எழுத்து மூலம் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. வாயிலில் நிற்கும் பணியாளருக்கு விதியைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒப்புகையிட்ட ஒரு தாளைக் காட்டுவது எளிது.

போகும் முன் கூட்டப்பொருள் பட்டியலை உங்கள் வார்டு உறுப்பினரிடம் வாங்கிப் படித்துவிடுங்கள். படிக்காமல் போனால் ஒன்றும் புரியாது. எண்ணைச் சொல்வார்கள், மேசை தட்டுவார்கள், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். நூறு பொருள்கள் ஒரு மணி நேரத்தில் நிறைவேறுவது இப்படித்தான். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது' என்று இருக்கும். 'பின்னேற்பு' என்ற சொல் வரும் பொருள்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தலைவரின் முன்அனுமதியில் பணி முடிந்து பணமும் செலவான பிறகு மன்றத்தின் ஒப்புதலைக் கேட்கிறார்கள் என்று அதற்குப் பொருள். குழாய் உடைப்பு, வெள்ளம் போன்ற அவசரங்களில் அது நியாயமானதே. மாதந்தோறும் அதே ஒப்பந்ததாரருக்கு அதே வகைப் பணி பின்னேற்புக்கு வந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. கேட்பவர் நீங்களாக இருக்க முடியாது, உங்கள் உறுப்பினராகத்தான் இருக்க முடியும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே கேள்வியை எழுதி அவரிடம் கொடுங்கள். கேட்டாரா, வெளிநடப்பு செய்த நேரத்தில் அந்தப் பொருள் நிறைவேறிவிட்டதா என்பதைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து நீங்கள் கவனிக்கலாம்.

நகரத்தில் மக்கள் நேரடியாகப் பேசும் இடம் பகுதி சபை. 74-ஆவது திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் தொகை கொண்ட நகரங்களுக்கு வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தாமதம். 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுவதால் உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, அதன் பிரதிநிதி யார் என்பதை முதலில் நகராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயும் வாக்காளரே உறுப்பினர். அங்கேயும் எழுதப்படாத பேச்சுக்கு மதிப்பில்லை.

தீர்மான நகல் கேட்டால் 'அதெல்லாம் பொதுமக்களுக்குத் தருவதில்லை' என்கிறார்கள். (வாசகர், கடலூர் மாவட்டம்)

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(ஆ) பிரிவு, ஒவ்வொரு பொது அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டியவற்றின் பட்டியலைத் தருகிறது. மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பெற முடியுமா என்பதும் அப்பட்டியலில் உள்ள ஒன்று. எனவே மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல், 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 'எல்லாத் தீர்மானங்களும்' என்று கேட்டால் அலைக்கழிக்க வழி கிடைக்கும். கூட்டம் நடந்த தேதியைக் குறிப்பிட்டு, அன்றைய வருகைப் பதிவு, பொருள் பட்டியல், தீர்மானப் பதிவேட்டின் பக்கங்கள் என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டு அதே மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் செல்லலாம். விண்ணப்பத்தை ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை வந்ததும் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது அதுவே.